நம்மாளு நோட்டு

அவனால் பறக்க முடியாது. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்.

எங்கள் சித்திரக்கதையின் நான்காம் இதழில் லாரியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு மலைப்பாதை ஏறியவன், ஐந்தாம் இதழில் மேகத்துக்குள் போய்வந்துவிட்டான். பறக்கத் தெரிந்தவனுக்கு லாரி எதற்கு என்று தர்மபுரியிலிருந்து ஒரு வாசகர் தபால் அட்டை போட்டிருந்தார். அச்சக முதலாளி அதை என் மேசைமேல் வைத்து, "இதையெல்லாம் பாக்கத்தானேப்பா நீ இருக்கறது?" என்றார். மறுநாள் காலை நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, பழுப்புத் தாளில் அட்டை போட்டு, பக்கங்களுக்கு எண் இட்டேன். அவனைப் பற்றித் தெரிந்தவை எல்லாம் அதில் இருக்க வேண்டும், அதில் இல்லாத எதையும் அவன் செய்யக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் நான் பிழை பார்ப்பவனாக இருந்தேன். சுற்றியிருந்த கொட்டகைகளில் பம்பு செய்தார்கள், பல்சக்கரம் வெட்டினார்கள், இரும்பு வார்த்தார்கள். எங்கள் கொட்டகையில் மாத்திரைப் பெட்டிகளும் சோப்பு உறைகளும் அச்சாகும். அவற்றோடு மாதம் ஒரு சித்திரக்கதைப் புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். கதாநாயகன் எப்போதும் ஒரே ஆள்தான். தமிழில் அவனுக்கு ஒரு பெயர், கன்னடத்தில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. அச்சகத்துக்குள் அந்த மூன்றையும் யாரும் சொன்னதில்லை. மிஷின் ஓட்டியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் கலந்து பேசுவார். அவர்தான் அவனை 'நம்மாளு' என்று கூப்பிட ஆரம்பித்தார். "நம்மாளு வந்தாயிதா?" என்று அவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், ஓவியர் படங்களோடு வந்துவிட்டாரா என்று பொருள்.

ஓவியருக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கல்லாவிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அதுவரை சுவர்களில் உர விளம்பரமும் கட்சிச் சின்னமும் வரைந்துகொண்டிருந்தவர். நம்மாளை உண்டாக்கியவர் அவர்தான். கதையும் அவருடையது, படமும் அவருடையது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, யூரியா சாக்கின் உள்ளுறையில் படம் வரைந்த அட்டைகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊத்தங்கரையிலும் கிருஷ்ணகிரியிலும் பஸ் மாறி வருவார். வந்ததும் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அட்டையைத் தொடுவார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

நம்மாளின் சக்தி எடை. நினைத்தால் பாறையாகக் கனப்பான், நினைத்தால் கேழ்வரகு உமியாக லேசாவான். கனத்து நின்றால் மோதுகிற லாரி நசுங்கும், அவன் அசைய மாட்டான். லேசானால் காற்று அவனைத் தூக்கிப் போகும். இதை எந்த விதிக்குள் அடக்குவது என்று நான் ஓவியரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"காத்து தூக்கிட்டுப் போனா அது பறக்கறதுதானே?"

"இல்லீங்க சார். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கந்தான் போவான். அவன் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது."

"அப்போ அஞ்சாவது இதழ்ல எதிர்க்காத்துல போறானே?"

அவர் சிரித்தார். "அது தப்புத்தான். பண்டிகை வந்துச்சுங்க, அவசரத்துல வரைஞ்சுட்டேன்."

ஐந்தாம் இதழ், பக்கம் 14, பிழை என்று குறித்துக்கொண்டேன். தண்ணீருக்குள் சக்தி வேலை செய்யாது. மூச்சை அடக்கியிருக்கும் வரைதான் எடை மாறும், மூச்சு விட்டால் பழைய எடைக்கு வந்துவிடுவான். முகமூடி கிடையாது, தலைப்பாகைத் துணியால் மூக்கு வரை கட்டியிருப்பான். இடது புருவத்தில் வெட்டு. அதன் நீளத்தைக்கூட அளந்து எழுதினேன். ஓவியர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கறீங்களே சார்" என்றார்.

எங்கள் அச்சகத்தில் மட்டும் இருந்த ஒரு முறையையும் இங்கே சொல்ல வேண்டும். உள்பக்கப் படங்கள் நீலத்திலும் சிவப்பிலும் இருக்கும். அந்த இரண்டு நிறத்தையும் மூன்று மொழிக்கும் சேர்த்து ஒரேயடியாக அடித்துவிடுவோம். பிறகு கறுப்பு மையில் எழுத்து மட்டும் மொழிக்கு மொழி தனியாக விழும். அதனால் ஓவியர் படத்துக்குள் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. முதல் இதழில் அவருக்கு இது தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் ஊத்தங்கரை என்று நீலத்தில் எழுதிவிட்டார். கன்னடப் பதிப்பில், மைசூர்ப் பக்கத்து ரோட்டில், ஊத்தங்கரை பஸ் போனது. அந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து, அட்டைகளை அச்சுக்காகப் படம் பிடித்த நெகட்டிவைப் பார்த்து எழுத்துகளை நீக்குவதும் என் வேலையானது. அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் நெகட்டிவை விரித்தால் கோடுகள் வெளிச்சமாகத் தெரியும். வேண்டாத கோட்டின்மேல் மெல்லிய பிரஷ்ஷால் சிவப்பு மையைத் தடவினால் வெளிச்சம் அடைபடும், அது அச்சில் விழாது. நம்மாளு உலவிய ஊர்களில் கடைப் பலகை, மைல்கல், பள்ளிக்கூடச் சுவர் எல்லாமே வெறுமையாக இருக்கும். எந்த ஊர் என்பதைக் கறுப்பு எழுத்துதான் சொல்லும். தமிழில் அவன் கிருஷ்ணகிரிக்காரன், கன்னடத்தில் கோலார்க்காரன், தெலுங்கில் குப்பத்துக்காரன்.

அவன் எப்படி உண்டானான் என்பது மட்டும் மூன்றிலும் ஒன்றுதான். அவன் கல்குவாரியில் வேலை செய்தவன். வெடி வைத்தபோது பாறை சரிந்து உள்ளே புதைந்தான். வெளியே வந்தபோது கல்லின் கனம் அவன் உடம்பில் ஏறியிருந்தது. முதல் இதழில் இது நான்கு கட்டங்களில் முடிந்துவிடும். நோட்டில் 'தோற்றம்' என்று தலைப்பிட்டு, எனக்குத் தெரியாதவற்றுக்கு இடம் விட்டு வைத்திருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"எத்தனை நாள் உள்ள இருந்தான்?"

ஓவியர் டிபன் பாக்ஸை மூடினார். "மூணு நாள்னு போட்டுக்குங்க."

"முதல் இதழ்ல ராத்திரி ஒரு தடவைதான் வருது."

"அப்ப ரெண்டாம் நாள் வெளிய வந்தான்னு போடுங்க. எப்படியாச்சும் வந்துட்டான்னு போடுங்க சார்." டிபன் பாக்ஸைத் துணிப்பையில் போட்டார். "எங்கண்ணன் வரலீங்க. எங்கூர்ல இருந்து பத்து மைல்ல குவாரி. பாறை எடுத்துப் பாக்க அவங்களுக்கு நேரமில்ல. அடுத்த பக்கம் தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நானும் எங்கம்மாவும் போய்க் கேட்டோம். குவாரிக்காரன் ஆளுங்க பேர் எழுதற நோட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, அப்படி ஒரு ஆளு இங்க வேலையே பாக்கலைன்னுட்டான். எங்கண்ணன் பேரே எங்கயும் இல்லைங்க."

"சட்டப்படி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அதனாலதாங்க இவன வரைஞ்சேன். இவனாச்சும் வெளிய வரட்டும்னு."

அன்று நோட்டில் நான் எழுதியது: பாறைக்கு அடியில் இரண்டு பகல், ஓர் இரவு. தானாக வெளியே வந்தான். முதல் இதழோடு முரண் இல்லை. அவ்வளவுதான். அவருடைய அண்ணனைப் பற்றி எழுதவில்லை, அது கதையில் இல்லாத விஷயம் என்பதால். அண்ணனின் பெயர் என்ன என்று நான் கேட்கவும் இல்லை.

நோட்டு நிறைந்துகொண்டே வந்தது. பதினைந்தாம் இதழ் வாக்கில் எண்பது பக்கம் ஆகியிருந்தது. நம்மாளு எப்படி நிற்பான், கோபத்தில் எந்தக் கையை முதலில் தூக்குவான், பெண்களிடம் எப்படிப் பேசுவான், எந்த எதிரி செத்தான், எவன் தப்பித்தான். பக்க எண்ணோடு எல்லாம் இருந்தது. முகத்தை மூன்று கோணத்தில் ஓவியரையே வரைந்து தரச் சொல்லி ஒட்டி வைத்தேன். மிஷின்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் பூதக்கண்ணாடி சார், நம்மாளுக்கு ஜாதகமும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். என் கையில் எப்போதும் லென்ஸ் இருப்பதால் அங்கே எனக்கு அந்தப் பெயர்.

நோட்டை முதலாளி கேட்டபோது பெருமையாகத்தான் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் என்னையும் ஓவியரையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"மாசம் ஒண்ணு போதாதுப்பா. மாசம் ரெண்டு போடணும். உன் ஒருத்தன் கையால ஆவாது."

"ராத்திரி பகலா வரைஞ்சு குடுக்கறேங்க" என்றார் ஓவியர்.

"பெங்களூர்ல ரெண்டு ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க. வேகமான கை. இருபதாவதுல இருந்து அவங்க பாக்கட்டும்."

"அவங்களுக்கு இவனைத் தெரியாதுங்களே."

முதலாளி நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "தெரியாம என்ன? நகத்துல இருந்து முடி வரைக்கும் இதுல இருக்குதே. இத விட என்ன தெரியணும்?"

ஓவியர் நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக நினைவில்லை. எதையோ புரிந்துகொள்ள முயல்கிறவரைப் போலிருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். நோட்டில் இல்லாதவை நிறைய இருக்கின்றன என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நோட்டு முழுமையானது என்று அப்போது நான் நம்பியிருந்தேன்.

பத்தொன்பதாம் இதழை மட்டும் தன் விருப்பப்படி முடித்துத் தருவதாக ஓவியர் கேட்டுக்கொண்டார். முதலாளி சரி என்றார். அதில் நம்மாளு தான் புதைந்த குவாரிக்குத் திரும்பிப் போகிறான். பாறைகளைத் தன் கனத்தால் உடைத்து, லேசாகிப் பிளவுக்குள் இறங்கித் தேடுகிறான். தன்னோடு புதைந்தவர்கள் யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் வெளியே வந்து அவர்களுக்காக ஒரு கல்லை நடுகிறான். எங்கள் மாவட்டத்தில் ஏரிக்கரைகளில், காட்டோரங்களில் நிற்கும் நடுகல்லைப் போலவே வரைந்திருந்தார். சண்டையில் செத்த வீரனுக்கு ஊரார் வைத்த கல். வேடியப்பன் என்று இன்றைக்கும் பொங்கல் வைக்கிறார்களே, அதே மாதிரிக் கல்.

பென்சிலில் வரைந்து காட்டியபோது ஓவியர் கேட்டார். "சார், இந்த ஒரு கல்லுல மட்டும் எழுத்து வெச்சுக்கலாங்களா?"

"படத்துல எழுத்து கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரே ஒரு எடந்தாங்க."

"தமிழ்ல எழுதினா கன்னடத்துல எப்படிங்க போகும்? மறுபடி கட்டு திரும்பி வரும்."

"சரிங்க சார்" என்றார். என்ன எழுத்து என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நெகட்டிவ்கள் மேசைக்கு வந்தன. மழை நாள். மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரியும்போதெல்லாம் அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. இருபத்தொன்பதாம் பக்கத்தில், நடுகல்லின் மேல்பகுதியில், லென்ஸ் வைத்தால் மட்டும் தெரிகிற அளவில் மூன்று எழுத்துகள் இருந்தன. கல்லின் வெடிப்புகளோடு கலந்து மறைகிற மாதிரி எழுதியிருந்தார். சொல்லியும் கேட்காமல் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். பிரஷ்ஷை நனைத்து மூன்று இழுப்பில் மூடினேன். இரு பக்கமும் வெடிப்புக் கோடுகள் கெடாமல் பார்த்துக்கொண்டேன். மை காயும்வரை ஊதினேன்.

இதழ் வந்த செவ்வாய்க்கிழமை ஓவியர் வந்தார். சாக்கு உறை இல்லாமல் வெறுங்கையோடு வந்தது அன்றுதான். மிஷின்காரர் மையும் கையுமாக வெளியே வந்து, "ஏன் ஸ்வாமி, நம்மாள அநாதையா விட்டுட்டுப் போறீங்களே, இது நியாயமா?" என்று கிண்டலாகக் கேட்டார். ஓவியர் சிரித்தார். கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார். பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்தார்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே சார்."

"எழுத்து இருந்தது. எடுத்துட்டேன். முன்னயே சொன்னேனே."

"என்ன எழுத்துன்னு படிச்சீங்களா?"

"உங்க கையெழுத்துதானே?"

"எம் பேரு மூணெழுத்தா சார்? ரெண்டு வருசமா உங்க முன்னாலதானே டெலிவரி புக்குல கையெழுத்துப் போடறேன்?"

அவருடைய கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு எழுத்து, கடைசி எழுத்தின் வால் மேலே வளையும்.

"எங்கண்ணன் பேருங்க" என்றார்.

மிஷின்காரர் மெதுவாக உள்ளே போய்விட்டார். ஓவியர் பிரதியை மடித்து என் மேசைமேல் வைத்தார். குரல் உயரவே இல்லை.

"குவாரிக்காரன் நோட்டுல பேர் இல்லைன்னான். அவன் கல்லு விக்கறவன், அவனை விடுங்க. நீங்க எழுத்தப் பாக்கறவரு சார்."

"பேரைச் சொல்லுங்க. அடுத்த இதழ்ல எங்கயாவது..."

"அடுத்த இதழ் யாருதுங்க?"

வெளியே போய், செருப்பைப் போட்டுக்கொண்டு, ரோட்டில் இறங்கி நடந்தார். பஸ் நிறுத்தம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

அவர் போன பிறகுதான் ஒன்று தோன்றியது. அந்தப் பெயரைக் கறுப்பில் போட்டிருக்கலாம். எல்லா எழுத்தும் கறுப்பில்தானே விழுகிறது? தமிழில் தமிழாகவும் கன்னடத்தில் கன்னடமாகவும் தெலுங்கில் தெலுங்காகவும் அந்தக் கல்லின்மேல் போட்டிருந்தால் ஒரு கட்டுகூடத் திரும்பி வந்திருக்காது. இரண்டு வருடம் அந்த முறையில் வேலை பார்த்தவன் நான். அவர் கேட்ட நிமிஷத்தில் இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்ன எழுத்து என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தானாகவே தோன்றியிருக்கும்.

நெகட்டிவைத் தேடிப் போனேன். அந்தச் சிவப்பு மை ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். அலமாரியில் பதினேழு வரை இருந்தது. அடுக்காமல் வெளியே கிடந்த பதினெட்டும் பத்தொன்பதும், மாத்திரைப் பெட்டிகளின் பழைய ஃபிலிம்களோடு சேர்ந்து, ஃபிலிமைக் கழுவி வெள்ளி எடுப்பவரிடம் போயிருந்தன. பெங்களூரில் அவர் தொட்டியில் போட்டுக் கழுவிவிட்டார். ஓவியர் வரைந்த அட்டைகளைப் புது ஆட்கள் வாங்கிப்போய், வேண்டிய உருவங்களை வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். நடுகல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

நம்மாளு அதற்குப் பிறகும் பதினோரு இதழ் வந்தான். இருபத்திரண்டாம் இதழில் அவனுடைய தோற்றத்தை மாற்றினார்கள். குவாரி போய்விட்டது. வானத்திலிருந்து விழுந்த கல் ஒன்று தலையில் பட்டு அவனுக்குச் சக்தி வந்தது. இருபத்தைந்தில் பறந்தான். நான் நோட்டை எடுத்துப் போய் முதலாளியிடம் காட்டினேன். "உன் நோட்டைத் திருத்திக்கோ" என்றார். முதலில் தெலுங்குப் பதிப்பு நின்றது, பிறகு கன்னடம், கடைசியில் தமிழ். முப்பதாம் இதழின் பின்னட்டையில் அடுத்த இதழுக்கு விளம்பரம் இருந்தது. அடுத்த இதழ் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து, அச்சக வேலையை விட்டு ஒரு வார்ப்பாலையின் ஸ்டோரில் நான் சேர்ந்த பிறகு, ஓவியரை ஜூஜுவாடியில் பார்த்தேன். கர்நாடக எல்லைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு லாரியின் பின்கதவில் எண் எழுதிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டு, "நல்லாருக்கீங்களா சார்?" என்றார். டிரைவரிடம் சொல்லி எனக்கும் டீ வரவழைத்தார். குவாரியைப் பற்றியோ நம்மாளைப் பற்றியோ அவர் பேசவில்லை. நானாகவே கேட்டேன்.

"உங்க அண்ணன் பேரு... அன்னைக்கு நான் சரியாப் படிக்கல."

"தெரியுங்க."

"இப்ப சொல்லுங்க."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "சொன்னா எழுதிக்குவீங்க" என்றார். "முன்ன ஒருக்கா எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களே சார். அப்புறம் எங்கிட்ட என்ன மிஞ்சிச்சு? இது ஒண்ணு எங்கிட்டயே இருக்கட்டுங்க."

கிளாஸைக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் எண்ணை எழுத உட்கார்ந்தார். நான் பஸ் ஏறினேன்.

அந்த மழை நாளில் அச்சக வேலையைக் குறித்துவைத்த டைரி என்னிடம் இருக்கிறது. 'இதழ் 19, பக்கம் 29, கல்லின்மேல் மூன்று எழுத்து, நீக்கப்பட்டது. மின்தடை நான்கு முறை' என்று எழுதியிருக்கிறேன். மின்தடையின் நேரங்கள்கூட இருக்கின்றன. லென்ஸ் வைத்து அந்த மூன்று எழுத்தையும் பார்த்தவன் நான், அது நிச்சயம். கல்லாவிப் பக்கம் ஆண்களுக்கு வைக்கிற மூன்றெழுத்துப் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறேன். நாற்பத்திரண்டு வந்தது. ஒவ்வொன்றாக, மெதுவாக, விரல் வைத்துப் படித்தேன். எதைப் படித்தபோதும் இதுதான் என்று தோன்றவில்லை.